விமானம் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

தென் சீனத்தின் குவாங்சோ நகரில், முத்து ஆற்றின் கரையில், ஷாமியன் என்றொரு சிறு தீவு இருக்கிறது. சீனக் குழந்தையைத் தத்தெடுக்க அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் இந்தத் தீவு வழியாகத்தான் ஊர் திரும்பின. தத்துப் பிள்ளைகளுக்கான குடியேற்ற விசாவைச் சீனாவில் குவாங்சோ அமெரிக்கத் துணைத் தூதரகம் மட்டுமே வழங்கியது. அந்த அலுவலகம் 2013 வரை ஷாமியனில்தான் இருந்தது. பக்கத்திலிருந்த ஒயிட் ஸ்வான் ஹோட்டல் தத்துக் குடும்பங்களாலேயே பெயர் பெற்றது. பயணத்தின் ஒழுங்கு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குழந்தையின் காப்பகம் எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அதன் தலைநகருக்கு முதலில் போக வேண்டும். அங்கே அரசு அலுவலகத்திலோ ஹோட்டலிலோ காப்பகப் பணியாளர் குழந்தையைக் கையில் கொடுப்பார். அடுத்துத் தத்துப் பதிவு, நோட்டரி சான்று, குழந்தையின் சீனப் பாஸ்போர்ட்டுக்காகச் சில நாள் காத்திருப்பு. அப்புறம் குவாங்சோ வந்து மருத்துவப் பரிசோதனை, விசா, விமானம். மொத்தம் இரண்டு வாரம். இப்படி அமெரிக்காவுக்கு மட்டும் 82,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். உலகெங்கும் போனவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர். 2024 செப்டம்பரில் சீன அரசு இந்தக் கதவைச் சாத்தியது. நெருங்கிய இரத்த உறவினரும் வாழ்க்கைத் துணையின் பிள்ளையை ஏற்பவரும் தவிர வேறெந்த வெளிநாட்டவரும் இனிச் சீனக் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. எந்தக் குழந்தை என்பது முடிவாகி, பயணம் மட்டுமே பாக்கி என்று 2020 கொரோனா காலத்திலிருந்து காத்திருந்த சில நூறு குடும்பங்கள் நடுவழியில் நின்றுபோயின.

வெளிநாட்டுத் தத்தெடுப்பு பற்றிய செய்திகளும் படங்களும் இந்தப் பயணத்தையே பெரிதாகக் காட்டும். அது இயல்புதான். வீட்டாய்வு, போலீஸ் சான்று, வருமானக் கணக்கு, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு எல்லாம் அங்கேதான் ஒரு குழந்தையின் முகமாகக் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் தத்தெடுப்பு என்ற நெடிய காரியத்தில் பயணம் கடைசிப் படி. முதல் படி அதற்குப் பல மாதங்கள், சில சமயம் சில ஆண்டுகள் முன்பே, வளர்க்கப் போகிறவர்கள் ஒருபோதும் பார்க்காத ஒரு மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ கிராமத்திலோ நடந்து முடிந்துவிடுகிறது. இந்தக் குழந்தைக்கு யாராவது இருக்கிறார்களா, இருந்தால் அவர்கள் மனமறிந்து விட்டுக்கொடுத்தார்களா, அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பணம் கைமாறியதா என்று அங்கே யாரேனும் நேர்மையாகக் கேட்டிருந்தால் மற்றதெல்லாம் சரியாக அமையும். கேட்காமல் விட்டிருந்தால், கடைசிப் படியில் எவ்வளவு அன்பும் சட்ட ஒழுங்கும் இருந்தாலும் அந்தப் பிழை திருந்தாது. கடந்த எழுபது ஆண்டுகளின் அனுபவத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் இதுதான் என்பது என் வாதம்.

பெற்றோர் நேரில் வந்தாக வேண்டும் என்ற விதியும் லேசில் வந்துவிடவில்லை. கொரியப் போர் ஓய்ந்த பிறகு, 1955-ல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த விவசாயி ஹாரி ஹோல்ட்டும் அவர் மனைவி பெர்த்தாவும் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் துணையோடு எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அவர்கள் தொடங்கிய அமைப்பு இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்த ஆரம்ப ஆண்டுகளில் பதிலாள் மூலம் தத்தெடுப்பதே வழக்கம். பெற்றோர் அமெரிக்காவிலேயே இருப்பார்கள். அவர்கள் சார்பில் வேறொருவர் கொரியாவில் தத்தை முடிப்பார். குழந்தைகள் விமானத்தில் கூட்டமாக வந்து இறங்குவார்கள். முதல் சந்திப்பே விமான நிலையத்தில்தான். எந்த வீட்டுக்கு எந்தக் குழந்தை போகிறது என்று ஆராயவே வழியில்லை என அமெரிக்கக் குழந்தைநலத் துறையினரே இதை எதிர்த்தார்கள். 1961-ல் திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டம், வெளிநாட்டில் தத்தை முடிப்பவர்கள் குழந்தையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகும், தத்தை அமெரிக்க நீதிமன்றத்தில் பின்னால் முடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில், துணையாள் ஒருவர் குழந்தையை விமானத்தில் கூட்டிவந்து ஒப்படைக்கும் பழக்கம் கொரியாவில் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1985-ல் மட்டும் 8,837 குழந்தைகள் அந்த நாட்டிலிருந்து வெளியே போனார்கள். 2012-ல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதியைக் கட்டாயமாக்கி, வளர்க்கப் போகிறவர்களைக் கொரியாவுக்கு வரவழைத்தது.

இந்த விதி குழந்தைக்குச் செய்யும் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. வளர்க்கப் போகிறவர்களை அந்த நாட்டு அதிகாரிகள் கண்ணால் பார்க்கிறார்கள். குழந்தை என்ன சாப்பிடும், எப்படித் தூங்கும், எதற்குப் பயப்படும் என்பதை அதை வளர்த்தவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ள முடிகிறது. ஒத்துவராது என்று தெரிந்தால், குழந்தை நாடு கடக்கும் முன்பே நிறுத்திக்கொள்ளலாம். சட்ட வழியில் கிடைக்கும் பலன் இன்னும் பெரிது. 2001 பிப்ரவரி 27-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டப்படி, தத்து பிறந்த நாட்டிலேயே முழுமையாக முடிந்து குடியேற்ற விசாவில் வரும் 18 வயதுக்குட்பட்ட குழந்தை, அமெரிக்க மண்ணில் நுழைந்ததுமே குடிமகன் ஆகிவிடுகிறது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்த வாய்ப்பு இல்லை. பெற்றோர் தனியே விண்ணப்பிக்க வேண்டும், பலர் விண்ணப்பிக்கவில்லை. விளைவு, அமெரிக்காவிலேயே வளர்ந்த ஆயிரக்கணக்கான தத்துப் பிள்ளைகள் குடியுரிமை இல்லாமலேயே முதிர்ந்தார்கள். 1979-ல் மூன்று வயதில் கொரியாவிலிருந்து வந்த ஒருவர், 2016-ல், மொழியே தெரியாத கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆகவே பயணம் வேண்டும், அதற்குரிய சட்ட ஒழுங்கும் வேண்டும். கேள்வி என்னவென்றால், இரண்டு வாரம் வந்து தங்கும் ஒரு தம்பதியால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்கவே முடியாது என்பதுதான்.

சீனாவில் அவர்கள் பார்த்தது ஒரு கோப்பு. இன்ன தேதியில், இன்ன சந்தை வாசலில், இன்ன உடையில் கிடந்த பெண் குழந்தை. காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டும் யாரும் உரிமை கோரவில்லை. ஆகவே பெற்றோர் தெரியாது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரே வாசகம். பெரும்பாலானவற்றில் அது உண்மையாகவே இருந்திருக்கும். ஒரு குழந்தைக் கொள்கையின் கெடுபிடியில், ஆண் பிள்ளை வேண்டும் என்று இரண்டாவது, மூன்றாவது பெண்ணை இரவோடு இரவாக விட்டுச் சென்றவர்கள் ஏராளம். முறைப்படி விட்டுக்கொடுக்கவும் வழியில்லை, விட்டுச் செல்வதும் குற்றம் என்பதால் யாரும் தடயம் வைக்கவில்லை. ஆனால் இதில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. 1992 ஏப்ரலில் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்த அதே சீனத் தத்துச் சட்டம், தத்தெடுப்பவர் 35 வயது கடந்தவராகவும் பிள்ளை இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்றது. ஏற்கெனவே ஒரு பிள்ளை உள்ள சீனக் குடும்பம், வாசலில் கிடந்த பெண் குழந்தையை எடுத்து வளர்க்க ஆசைப்பட்டாலும் அது சட்டத்துக்குப் புறம்பு. அப்படி எடுத்து ஒளித்து வளர்த்த குடும்பங்கள் எத்தனையோ இருந்தன என்பதை ஆய்வாளர் கே ஆன் ஜான்சன் கிராமம் கிராமமாகச் சென்று பதிவு செய்தார். அதாவது, அந்தக் குழந்தைகளை ஏற்க உள்ளூரில் ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆள் இருந்தும் சட்டம் தடுத்தது. அந்தத் தடைதான் குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்த்து, காப்பகத்தை விமானத்தோடு இணைத்தது.

அந்த இணைப்பில் பணமும் ஓடியது. ஒவ்வொரு வெளிநாட்டுக் குடும்பமும் காப்பகத்துக்கு 3,000 டாலர் நன்கொடை தர வேண்டியிருந்தது. அந்தத் தொகை காப்பகங்களில் பால் பவுடருக்கும் மருந்துக்கும் செவிலியருக்கும் செலவானது, பல குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு சிற்றூர்க் காப்பகத்துக்கு, தலைக்கு 3,000 டாலர் என்பது ஒரு தூண்டுதலாகவும் ஆனது. 2005-ல் ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் அது அம்பலமானது: காப்பகங்கள் இடைத்தரகர்களிடம் காசு கொடுத்துக் குழந்தைகளை வாங்கி, கண்டெடுத்ததாகக் கோப்பு எழுதியிருந்தன. அடுத்த ஆண்டு தரகர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அதே மாகாணத்தின் லொங்ஹுய் வட்டாரத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு அபராதம் கட்ட முடியாதவர்களின் குழந்தைகளை அதிகாரிகளே பிடுங்கிக் காப்பகத்தில் சேர்த்ததைச் சீனப் பத்திரிகையான 'காய்ஷின்' 2011-ல் வெளிக்கொண்டுவந்தது. அந்தக் குழந்தைகள் சிலரின் கோப்பிலும் 'பெற்றோர் தெரியாது' என்றே இருந்தது. குவாங்சோவில் விசா வாங்கக் காத்திருந்த தம்பதிக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்வதே அவர்களுக்கு மொழி. முத்திரை குத்திய தாளே அவர்களுக்கு உண்மை. தூதரக அதிகாரியும் அதே தாளைத்தான் பார்த்தார். குழந்தையை அனுப்பிப் பணம் பெறும் அரசே அதன் பூர்வீகத்துக்கும் சான்று வழங்கினால், அந்தச் சான்றை யாரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது?

பெற்ற தாயை நேரில் பார்த்துப் பேசினால் போதாதா என்று தோன்றலாம். இலங்கையின் அனுபவம் அந்த நம்பிக்கையையும் உடைக்கிறது. 1980களில் இலங்கையிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, சுவீடன் முதலான ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். ஐரோப்பியத் தம்பதிகள் தீவுக்கு வந்தார்கள், தங்கினார்கள், நீதிமன்றத்தில் நின்றார்கள். பலர் பெற்ற தாய் என்று ஒரு பெண்ணைச் சந்திக்கவும் செய்தார்கள். சில வழக்குகளில் அந்தப் பெண் தாயே அல்ல, காசுக்கு அழைத்துவரப்பட்டு தாயாக நடித்தவர். பிறப்புச் சான்றிதழ் போலி. மருத்துவமனையில் குழந்தை இறந்துவிட்டது என்று உண்மைத் தாயிடம் சொன்ன கதைகளும் பின்னாளில் வெளிவந்தன. 2017-ல் டச்சுத் தொலைக்காட்சி ஒன்று இதை விரிவாகக் காட்டியபோது, அன்றைய இலங்கைச் சுகாதார அமைச்சரே முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டார். 2020-ல் சுவிஸ் அரசு தன் தரப்பின் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. வளர்ந்து ஆளான பிறகு வேரைத் தேடி இலங்கைக்கு வந்த பிள்ளைகள் சிலர், கோப்பில் பெயர் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்து மரபணுச் சோதனை செய்து பார்த்தால் பொருந்தவில்லை. ஆக, அங்கே பெற்றோரின் பயணம் ஏமாற்றைத் தடுக்கவில்லை. பயணிகளுக்குக் காட்டவே அந்த ஏமாற்று நடந்தது.

கொரியாவும் சென்னையும் இதையே வேறு விதத்தில் சொல்கின்றன. கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், 11 நாடுகளில் வாழும் 367 தத்துப் பிள்ளைகளின் முறையீடுகளை ஆராய்ந்து, 2025 மார்ச்சில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலால் பாதிக்கப்பட்டவர்களாக அறிவித்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தைக்கு அநாதை என்று தனிப் பதிவேடு தயாரித்தது, ஒரு குழந்தை இறந்தால் அதன் அடையாளத்தில் வேறொரு குழந்தையை அனுப்பியது, பெற்றோரின் முறையான சம்மதம் வாங்காமலே அனுப்பியது என்று பட்டியல் நீள்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு அதிபர் லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார். நம் ஊர்க் கதை இன்னும் அருகில் சுடுகிறது. 1999-ல் சென்னை புளியந்தோப்பில் காணாமல் போன ஓர் ஆண் குழந்தை, அரசு உரிமம் பெற்ற ஒரு தத்து நிறுவனத்தின் வழியே, தாயே விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் போலி ஆவணத்தோடு நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டது என்பது 2005-ல் வெடித்த வழக்கின் குற்றச்சாட்டு. சி.பி.ஐ. விசாரணை வரை சென்ற அந்த வழக்கில் பேசப்பட்டது ஒரு குழந்தை மட்டுமல்ல. அந்தக் குழந்தைகளை ஏற்ற வெளிநாட்டுக் குடும்பங்கள் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள், சட்டப்படி பணம் கட்டியவர்கள்.

இத்தனைக்கும் இந்த விஷயத்தில் உலகுக்கே வழிகாட்டிய தீர்ப்பு இந்தியாவினுடையது. 1982-ல் வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984-ல் நீதிபதி பி.என். பகவதி வழங்கிய தீர்ப்பு ஒரு வரிசையை வகுத்தது: குழந்தை முதலில் பெற்றவரிடம் இருக்க வழி பார், முடியாவிட்டால் நாட்டுக்குள் ஒரு குடும்பம் தேடு, அதுவும் கிடைக்காவிட்டால் மட்டுமே வெளிநாடு. 1993-ல் உருவான ஹேக் உடன்படிக்கையின் அடிப்படையும் இதே வரிசைதான். இந்தியா அதை 2003-ல் ஏற்றது. இன்று வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமென்றால், தம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியாக 'காரா' எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒரு குழந்தை தத்துக்கு வரும் முன்பே அதன் தரப்பில் நிறைய நடந்திருக்க வேண்டும். பெற்றவர் ஒப்படைத்தால், மனம் மாற 60 நாள் அவகாசம். கைவிடப்பட்ட குழந்தை என்றால், பெற்றவரைத் தேட இரண்டு வயதுக்குட்பட்டதற்கு இரண்டு மாதம், மேற்பட்டதற்கு நான்கு மாதம். அதன் பிறகே குழந்தைகள் நலக் குழு அதைத் தத்துக்குரியதாக அறிவிக்கலாம். இந்தியாவில் வாழ்பவர்களுக்கும் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கும் முன்னுரிமை. பிறகு காராவின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, ஹேக் உடன்படிக்கைச் சான்று, பாஸ்போர்ட். நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை நிர்ணயிக்கப்பட்டது. குழந்தை போன பிறகும் இரண்டு ஆண்டு அறிக்கை வர வேண்டும். சென்னை வழக்கின் குழந்தைகள் தொலைந்தது 1984 தீர்ப்பு வந்த பிறகுதான் என்பதை நினைத்தால், விதி எழுதினால் மட்டும் போதாது, அதன் முதல் படியைக் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதும் புரியும்.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது, காப்பகத்தில் கிடக்கும் குழந்தையின் பக்கம் நின்று பேசுவது. நீங்கள் தாளைச் சரிபார்த்துக் கொண்டிருக்கும்போது குழந்தை தொட்டிலிலேயே வளர்கிறதே என்பார்கள். அலட்சியப்படுத்தக் கூடாத வாதம். ருமேனியாவில் 1989-ல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசுக் காப்பகங்களில் இருந்தார்கள். அங்கே 2000 வாக்கில் தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வு, காப்பக வாழ்வு குழந்தையின் மூளை வளர்ச்சியையும் அறிவையும் பிணைப்பு உணர்வையும் எப்படிச் சிதைக்கிறது என்று அளந்து காட்டியது. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்துக்குப் போன குழந்தைகள் நன்றாக மீண்டார்கள். வெளிநாட்டுத் தத்துக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வு இது. ஆனால் அந்த ஆய்வின் 136 குழந்தைகளில் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் போனது அமெரிக்காவுக்கோ இத்தாலிக்கோ அல்ல. புகாரெஸ்டிலேயே, உதவித்தொகையும் பயிற்சியும் தந்து உருவாக்கப்பட்ட உள்ளூர் வளர்ப்புக் குடும்பங்களுக்குத்தான். குழந்தைக்குக் குடும்பம் அவசரத் தேவை என்பதையே அந்த ஆய்வு நிரூபித்தது. அந்தக் குடும்பம் கடல் கடந்துதான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. காப்பகக் கொடுமை உண்மை என்றால், முதலில் செலவழிக்க வேண்டியது உள்ளூர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு; அதற்கு ஆகும் செலவு ஒரு வெளிநாட்டுத் தத்தின் செலவோடு ஒப்பிட்டால் சொற்பம்.

வறுமையில் வாடுவதைவிட வசதியான வீட்டில் வளர்வது மேல் அல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பின்பற்றினால் விபரீதம். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, 33 குழந்தைகளை எல்லை கடத்த முயன்ற அமெரிக்கக் குழு ஒன்று கைதானபோது, அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தது தெரியவந்தது. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பியே அவர்கள் பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள். ஏழ்மையே பிள்ளையை இழக்கக் காரணம் என்று ஏற்றுக்கொண்டால், உலகில் பாதிப் பெற்றோருக்குப் பிள்ளை வளர்க்கும் உரிமை போய்விடும். வளர்ப்புப் பெற்றோரின் நல்லெண்ணத்தை இதில் யாரும் சந்தேகிக்கவில்லை. பெரும்பாலோர் நல்ல மனதோடு வந்தவர்கள், நல்ல முறையில் வளர்த்தவர்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் நிறைவாக வாழ்கிறார்கள். ஆனால் நல்லெண்ணம் ஒரு முறைகேட்டைச் செல்லுபடியாக்காது. பிள்ளை தொலைந்து போனதாக எண்ணி முப்பது ஆண்டு தேடிய தாய்க்கு, அது எங்கோ நன்றாகத்தான் இருந்தது என்பது ஆறுதலாகலாம், நீதி ஆகாது.

தாமதத்தைக் காட்டி எதிர்ப்பவர்களின் கவலையும் நியாயமானது. ஒவ்வொரு சரிபார்ப்பும் மாதக்கணக்கில் இழுக்கிறது. அதற்குள் குழந்தைக்கு வயது ஏறி, ஏற்பவர் குறைகிறார்கள். இந்தியாவில் தத்து ஆணை வழங்கும் அதிகாரம் 2021 திருத்தத்தின் மூலம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றப்பட்டதும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். அந்த மாற்றத்தின் நன்மை தீமை பற்றிச் சட்ட வல்லுநர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் எங்கே வேகம் வேண்டும், எங்கே நிதானம் வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தவறுகிறோம். பெற்றவரைத் தேடுவதிலும் சம்மதத்தைச் சோதிப்பதிலும் நிதானம் வேண்டும். அது இரண்டு, நான்கு மாதத்தில் முடிகிற வேலை. அது முடிந்து குழந்தை தத்துக்குரியது என்று முடிவான பிறகு, மேசைக்கு மேசை கோப்பு தூங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. தேட வேண்டிய காலத்தில் ஒரு செய்தித்தாள் விளம்பரத்தோடு கடமை முடிகிறது. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஆண்டுகள் கரைகின்றன.

இவ்வளவு கேடு என்றால் ஒரேயடியாகத் தடை செய்துவிடலாமே என்பது மறுமுனை வாதம். உலகம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ருமேனியா 2005 முதல் ஏறக்குறைய முழுமையாக நிறுத்திவிட்டது. எத்தியோப்பியா 2018-ல் தடை செய்தது. டச்சு அரசு அமைத்த குழு, தன் அரசே முறைகேடுகளை அறிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தது என்று 2021-ல் அறிவித்தது. 2024-ல் நெதர்லாந்து படிப்படியாக நிறுத்துவதென்று முடிவெடுத்தது. அமெரிக்காவுக்கு 2004-ல் ஏறத்தாழ 23,000 குழந்தைகள் வந்தார்கள். 2023-ல் 1,300 பேர்கூட இல்லை. ஆனால் யார் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து கடைசி ஆண்டுகளில் போனவர்கள் பெரும்பாலும் மருத்துவத் தேவை உள்ள குழந்தைகள். இந்தியாவில் 2024-25 நிதியாண்டில் பதிவான 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டிலேயே முடிந்தன; மீதி சில நூறில், மாற்றுத்திறன் உள்ளவர்களும் சற்று வளர்ந்தவர்களும் பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகளும் நிறைய. கைக்குழந்தை, ஆரோக்கியமான குழந்தை வேண்டும் என்று வரிசையில் நிற்கும் நம் ஊர்க் குடும்பங்கள் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு இருக்கும் ஒரே வாசலையும் அடைப்பது, பிறர் செய்த குற்றத்துக்கு இவர்களைத் தண்டிப்பதாகும். நம் சமூகம் இந்தக் குழந்தைகளை ஏற்கப் பழகும்வரை வெளிநாட்டு வழி திறந்தே இருக்கட்டும். ஆனால் அந்த வழியில் போகும் ஒவ்வொரு கோப்பும் சோதனைக்கு நிற்கட்டும்.

அந்தச் சோதனையில் மூன்று விஷயங்கள் தவறக் கூடாது. குழந்தையை அனுப்பும் நிறுவனத்தின் வருமானம், அனுப்பும் குழந்தைகளின் எண்ணிக்கையோடு கூடிக் குறையக் கூடாது. காப்பகம் நடத்த அரசு தனியே பணம் ஒதுக்க வேண்டும். குழந்தையின் பூர்வீகத்தை விசாரிப்பவரும் தத்தால் ஆதாயம் அடைபவரும் ஒருவராக இருக்கவே கூடாது. ஏற்கும் நாடு, 'அனுப்பிய அரசு முத்திரை குத்திவிட்டது' என்று கை கழுவ முடியாது. ஐயம் எழுந்தால் விசாவை நிறுத்தும் பொறுப்பும், பின்னாளில் மோசடி வெளிப்பட்டால் பதில் சொல்லும் பொறுப்பும் அதற்கு உண்டு. இவற்றோடு, ஆவணங்கள் அழியாமல் காக்கப்பட்டு, வளர்ந்த பிள்ளை கேட்கும்போது தடையின்றிக் கிடைக்க வேண்டும். வளர்க்க விரும்புவோரும் செலவு எவ்வளவு, எத்தனை மாதம், எந்த ஹோட்டல் என்பதோடு நின்றுவிடக் கூடாது. இந்தக் குழந்தையின் தாயை யார் தேடினார்கள், எத்தனை நாள் தேடினார்கள், அந்தத் தேடலின் பதிவு எங்கே என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. இருபது வயதில் தத்துப் பிள்ளை கேட்கப் போவதும் இதே கேள்விதான். அதற்குப் பதில் இல்லாத கோப்பை நம்பிப் பயணம் கிளம்ப மறுக்கும் துணிவு பெற்றோருக்கும், அதில் முத்திரை குத்த மறுக்கும் துணிவு இரு நாட்டு அரசுகளுக்கும் வர வேண்டும்.